பட்டியல்படி ஆயில் ஃபில்டர்

தர்சோ இருபத்திரண்டு வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டே ஆயில் ஃபில்டரைக் கழற்றி வந்தவன். தேர்வன்று கண்ணைத் திறந்து பார்த்ததுதான் அவன் செய்த ஒரே தப்பு.

ஜாவாவின் வடகரையில், லாரிகள் ஓயாத நெடுஞ்சாலை ஓரம், மீன் ஏலக்கூடத்துக்கு அடுத்த கட்டடம் அவன் பட்டறை. ஜூன் மாதம் அங்கே ஒரு சுற்றறிக்கை வந்தது. மாவட்ட வாகனத் திறன் சான்றளிப்பு நிலையம் அனுப்பியது. இந்த வருடம் நெடுஞ்சாலை ஓரப் பட்டறைகளின் முறை. ஆகஸ்ட் முதல் தேதிக்குப் பிறகு சான்றிதழ் இல்லாத பட்டறைகளின் ஷட்டர் இறக்கப்பட்டு சீல் வைக்கப்படும். ஓர் ஆளுக்கு இரண்டே வாய்ப்பு. தேர்வில் ஒரே கேள்வி: சிறிய காரில் ஆயில் ஃபில்டர் எங்கே இருக்கிறது?

அவன் மனைவி ருமினி அதை இரண்டு தடவை வாசித்தாள். கணவனை அவள் அந்த ஊர் வழக்கப்படி 'மாஸ்' என்றுதான் கூப்பிடுவாள்.

"இவ்வளவுதானா மாஸ்? இதுக்கா சட்டைக்கு இஸ்திரி போடச் சொல்றீங்க?"

"ஷூவும் வேணுமாம். உன் தம்பியோடத வாங்கி வை."

"அவன் காலு ரெண்டு சைஸ் பெருசு."

"கார் என் காலையா பாக்கப்போகுது."

தேர்வு காலை எட்டு மணிக்கு என்று போட்டிருந்தார்கள். ஏழரைக்கே வந்தவர்கள் நாற்பது பேர். எல்லோரும் மெக்கானிக்குகள், எல்லோரும் இரவல் ஷூவில் நின்றார்கள். மைதானத்தில் பந்தல். பந்தலின் அகலத்துக்கு ஒரு பேனர். அதில் நிலையத் தலைவர் பாக் சுதர்மாஜி, அதாவது சுதர்மாஜி ஐயா, வலது கையை நெஞ்சில் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். மூலையில், உற்றுப் பார்த்தால், ஒரு காரும் இருந்தது.

நிஜக் கார் மஞ்சள் பட்டுத்துணி போர்த்தி, ரிப்பன் கட்டி நின்றது. ஒன்பது வருடத்துக்கு முன்பு வாங்கிய வெள்ளைக் குட்டிக் கார். ஒவ்வொரு தேர்வுக்கும் அதைப் புதிதாகத் திறந்துவைப்பது நிலையத்தின் வழக்கம். இதுவரை எண்பத்தேழு தடவை திறந்துவைக்கப்பட்டு, மொத்தம் நானூறு மீட்டர் ஓடியிருந்தது.

தலைவர் பத்தே கால் மணிக்கு வந்தார். தொழுகை, தேசிய கீதம், நிலையத்தின் கீதம், ஐந்து பேரின் வரவேற்புரை. ஒவ்வொரு வரவேற்புரையிலும் மற்ற நான்கு பேரின் பதவிகள் முழுதாகச் சொல்லப்பட்டன. ஆளுக்கொரு அட்டைப்பெட்டி கொடுத்தார்கள். வாழையிலையில் சுற்றிய லெம்பர் என்ற ஒட்டரிசி உருண்டை ஒன்று, வறுத்த கடலை ஒரு கை, மூடி ஒட்டிய குட்டித் தண்ணீர்க் கோப்பை. பேச்சு முடியும்வரை திறக்கக் கூடாது என்றார்கள். பேச்சு முடிந்தபோது லெம்பர் புளித்திருந்தது.

பாக் சுதர்மாஜி மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

"சகோதரர்களே, நம்ம நிலையத்துல யாரும் ஃபெயில் ஆகறதில்லை. அந்த வார்த்தை மனசப் புண்படுத்தும். 'இன்னும் திறன் பெறாதவர்'னுதான் எழுதுவோம். போன வருஷம் அப்படி நூத்திப் பதினாறு பேருக்கு எழுதினோம். அத்தனை பேர் ஷட்டரும் மூடிச்சு. ஒருத்தர் மனசுகூடப் புண்படலை."

கைதட்டல். ரிப்பன் வெட்டினார். கத்தரிக்கோல் மழுங்கியிருந்ததால் உதவியாளர் மறுபக்கம் பல்லால் கடித்து இழுத்தார்.

*

தர்சோவின் முறை மதியம் இரண்டு மணிக்கு வந்தது. ஹெல்மெட், கண்ணாடி, காது அடைப்பான், முழங்கை வரை ரப்பர் கையுறை எல்லாம் மாட்டினார்கள். தேர்வாளர் பாக் ஹெந்த்ரோ சொல்வது எதுவும் அவனுக்குக் கேட்கவில்லை. காது அடைப்பானைத் தூக்கினான். ஐந்து மதிப்பெண் குறைந்தது.

"வண்டிக்கு வணக்கம் சொல்லுங்க பாக் தர்சோ."

"யாருக்கு?"

"வண்டிக்கு. அரசாங்க சொத்து. அப்புறம் அதோட சொத்து நம்பரை மூணு தடவை வாசிங்க."

பதினெட்டு இலக்கம். வாசித்தான். சொத்துப் பொறுப்பாளர் இபு ரத்மி என்ற அம்மாள் வந்து பானட்டைத் திறந்தார். அதைத் திறக்க அவர் ஒருவருக்குத்தான் அதிகாரம். அவர் போன மாதம் பிரசவ விடுப்பில் இருந்ததால் தேர்வு நான்கு வாரம் தள்ளிப்போயிருந்தது. தரையில் மஞ்சள் கோடு. கோட்டைத் தாண்டக் கூடாது. கையில் ஒரு நீளமான குச்சி கொடுத்தார்கள்.

"ஆயில் ஃபில்டரைக் காட்டுங்க."

தர்சோ எட்டிப் பார்த்தான். உள்ளே ஒவ்வொன்றின் மேலும் ஒரு வெள்ளை ஸ்டிக்கர். பேட்டரி மேல் 'பேட்டரி'. ரேடியேட்டர் மேல் 'ரேடியேட்டர்'. முன் கிரில்லுக்குப் பின்னால், வலது ஓரத்தில், கறுப்பாக வட்டமாக உள்ளங்கை அகலத்தில் இருந்த ஹாரன் மேல் 'ஆயில் ஃபில்டர்'.

"இங்கேருந்து தெரியாதுங்க" என்றான்.

"என்ன தெரியாது?"

"இந்த வண்டிக்கு ஃபில்டர் இன்ஜினுக்குப் பின்பக்கம் இருக்குது. கீழ படுத்து, சைலன்சர் குழாய்க்கு மேல கைய விட்டாத்தான் எட்டும்."

ஹெந்த்ரோ பேனாவை மூடினார். பிறகு திறந்தார். "பாக் தர்சோ, நல்லாப் பாருங்க. பதட்டப்படாதீங்க. வட்டமா, கறுப்பா, ஸ்டிக்கரோட."

"அது ஹாரன்."

"ஹாரன் ஸ்டீயரிங்ல இருக்குது. அங்க ஸ்டிக்கர் ஒட்டியிருக்கோம். பாருங்க."

ஒட்டித்தான் இருந்தது, ஸ்டீயரிங் நடுவில். அமுக்கினால் சத்தம் வரும் இடம்தானே ஹாரன். இபு ரத்மி பட்டியலைப் பிரித்து வாசித்தார். "ஆயில் ஃபில்டர், எண்ணிக்கை ஒன்று, முன்புறம், வலது ஓரம்." நிலையத்தில் முன்பு ஒரு பழைய ஜீப் இருந்தது. அதற்குத் தயாரித்த பட்டியலைத்தான், மேலே ஜீப் என்று இருந்ததைக் கார் என்று மாற்றி, இதற்கும் வைத்துக்கொண்டார்கள். ஜீப்பில் அந்த இடத்தில் நிஜமாகவே ஃபில்டர் இருந்தது. பட்டியல் ஒரு காலத்தில் பொய் சொன்னதில்லை.

தர்சோ குச்சியைக் கீழே வைத்தான். ஸ்டீயரிங் பக்கம் போய் அமுக்கினான். 'ஆயில் ஃபில்டர்' பாம் என்று கத்தியது. பந்தலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"பாத்தீங்களா?" என்றான்.

"பாத்தேன். கோட்டைத் தாண்டிட்டீங்க. இருபது மதிப்பெண்."

அப்போதுதான் அவனுக்குக் கோபம் வந்தது. கையுறையை உருவிப் போட்டுவிட்டு மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் நுழைந்தான். மூன்று விநாடி. வெளியே வந்தபோது முழங்கை வரை கறுப்பு எண்ணெய்.

"இங்க அடியிலதான் இருக்குது. நிலையத்தோட நிஜ ஃபில்டர். வேணும்னா யாராவது படுத்துப் பாருங்க."

யாரும் படுக்கவில்லை. எல்லோரும் அன்று விழாவுக்கான பாத்திக் சட்டை போட்டிருந்தார்கள். இபு ரத்மி மட்டும் அவன் கையைப் பார்த்து, "அந்த எண்ணெய் அரசாங்க எண்ணெய்" என்றார். ஒரு துணியால் துடைத்து, துணியைப் பையில் போட்டு, பைக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்.

ஹெந்த்ரோ முடிவை அழகான கையெழுத்தில் எழுதினார். இன்னும் திறன் பெறாதவர்.

*

மேல்முறையீட்டுக்குத் தலைவரின் அறை. கண்ணாடி மேசை. மேசைக்கு அந்தப் பக்கம் பாக் சுதர்மாஜி, இந்தப் பக்கம் நாற்காலி நுனியில் தர்சோ.

"உட்காருப்பா. நல்லா உட்காரு. உன் தொழில் எனக்குத் தெரியும். உன் கை எனக்குத் தெரியும். அந்த ஃபில்டர் நீ சொன்ன இடத்துலயேகூட இருக்கலாம்."

தர்சோ நிமிர்ந்தான்.

"இருக்கலாம்னுதான் சொல்றேன். ஆனா ஒன்னு யோசி. ஒன்பது வருஷத்துல ஆயிரத்து நானூறு பேர் இங்க சான்றிதழ் வாங்கியிருக்காங்க. எல்லாரும் அந்த ஸ்டிக்கரைத்தான் காட்டினாங்க. நீ சொல்றது சரின்னா அவங்க எல்லாம் தப்பு. அவங்களுக்குக் கையெழுத்துப் போட்ட நான் தப்பு. எனக்குப் பதவி கொடுத்தவர் தப்பு. ஒரு சின்ன ஃபில்டருக்காக இத்தனை பேரைத் தப்பாக்கணுமா? மனுஷனுக்கு ஒரு நாகரிகம் வேணாமா?"

"இன்ஜின் கெட்டுப்போயிடும் பாக்."

"இன்ஜின் கெட்டா வேற வாங்கலாம். அதுக்கு விதி இருக்குது. பட்டியல் கெட்டா?" தலைவர் நிஜமாகவே வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "பட்டியல் கெட்டா அதைத் திருத்த விதியே இல்லப்பா. நானே தேடிப் பாத்துட்டேன்."

வீட்டில் ருமினி மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். முழுக்கதையையும் கேட்டுவிட்டு மீனைத் திருப்பிப் போட்டாள்.

"சரி, மறுபடி எப்போ?"

"இருபத்தொன்பதாம் தேதி. கடைசி வாய்ப்பு."

"அப்போ ஹாரனைக் காட்டிட்டு வாங்க."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"தினமும் நாலு மணிக்குக் கொடுத்துடறேன்னு சொல்லி ஆறு மணிக்குக் கொடுக்கறீங்களே வண்டியை, அது என்ன, வேதமா? அவங்களுக்கு ஹாரன்தான் ஃபில்டர்னா இருந்துட்டுப் போகட்டும் மாஸ். உங்க கைக்குத் தெரிஞ்சது உங்க கையில இருக்கும். யாரு பிடுங்கறா?"

"யாராவது பாத்து சிரிச்சா?"

"ஷட்டர்ல சீல் வெச்சா சிரிக்கமாட்டாங்களா?"

அந்த இருபத்திரண்டு வருடக் கை அன்று சாப்பாட்டை சரியாகப் பிசையக்கூட இல்லை.

*

இருபத்தொன்பதாம் தேதி கார் எண்பத்தொன்பதாவது தடவையாகத் திறந்துவைக்கப்பட்டது. தர்சோ வணக்கம் சொன்னான். சொத்து நம்பரை மூன்று தடவை வாசித்தான். குச்சியால் ஹாரனைத் தொட்டான்.

"இதுதான் ஆயில் ஃபில்டர்."

"உறுதியாவா?"

"உறுதியா."

முதல் தடவை திறன் பெறாதவர்களுக்கு இரண்டாம் தடவை செய்முறையும் உண்டு என்றார் ஹெந்த்ரோ. "மாத்திக் காட்டுங்க."

தர்சோ ஹாரனைக் கழற்றினான். புது ஹாரன் ஒன்றை எடுத்து, விதிப்படி அதன் விளிம்பில் விரலால் புது எண்ணெய் தடவினான். கையாலேயே இறுக்கி, கடைசியில் முக்கால் சுற்று சுற்றினான். கசிவு இருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்த்தான். ஒரு சொட்டுக்கூட இல்லை. பந்தலில் சிலர் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

"ஒன்பது வருஷத்துல இவ்வளவு சுத்தமா யாரும் செஞ்சதில்லை" என்றார் ஹெந்த்ரோ. பிறகு, உண்மையை மட்டுமே சொன்னேன் என்ற நேர்மை உறுதிமொழியில் தர்சோவின் கையெழுத்தை வாங்கிக்கொண்டார்.

சான்றிதழ் கிடைத்தது. சட்டம் போட்டு, மேலே தங்க நிறத்தில் முத்திரை குத்திய சான்றிதழ். கீழே பொடி எழுத்தில் ஒரு வரி: நிலையத்தின் பட்டியலுக்கு முரணாகப் பேசினால் ரத்தாகும்.

கூடவே ஒரு கௌரவமும் வந்தது. தலைவரின் சொந்த உபயோகத்துக்கு நிலையம் கொடுத்திருந்த காரும் அதே ரகம்தான். அதற்கு சர்வீஸ் செய்யும் பொறுப்பு தர்சோவுக்கு. புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தான். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் ஃபில்டர் மாற்றப்பட்டிருந்தது, தவறாமல், பதினோரு தடவை. வண்டியில் பதினோரு ஹாரன் மாறியிருந்தது. ஃபில்டர் பிறந்தபடியே இருந்தது.

ஸ்டார்ட் செய்தான். தகரடப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்குவதுபோல் இன்ஜின் தட்டியது.

"உள்ள தட்டுது" என்றான், கண்காணிக்க வந்திருந்த ஹெந்த்ரோவிடம். "ஒரு தடவை கீழ படுத்துப் பாத்துடறேனே."

"பட்டியல்ல 'கீழ'ன்னு ஒரு இடமே இல்ல பாக் தர்சோ."

தர்சோ சுவரில் மாட்டிய சான்றிதழைப் பார்த்தான். பன்னிரண்டாவது ஹாரனை மாட்டினான். புத்தகத்தில் எழுதினான். வண்டி வெளியே போனபோது அதன் பின்னால் நீலப்புகை அடித்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றவனுக்கு, வெளியே சொல்ல வெட்கமான ஒரு சந்தோஷம் வயிற்றில் சுருண்டது.

பதினோராம் நாள் இன்ஜின் இறுகி நின்றுபோனது. நெடுஞ்சாலை நடுவில், பின்னால் சிமென்ட் லாரி ஒன்று வந்துகொண்டிருக்க, தலைவர் முழு அலங்கார உடுப்பில் கதவைத் திறந்து வாய்க்காலுக்குள் குதிக்க வேண்டியதாயிற்று.

*

வண்டியைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். கூடவே தலைவர் வந்தார். உடுப்பில் சேறு காய்ந்திருந்தது. ஹெந்த்ரோ நோட்டோடு வந்தார்.

"பிரிச்சுப் பாரு" என்றார் தலைவர். "என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியணும்."

தர்சோ படுத்தான். கை தானாகவே போய் அதைப் பிடித்தது. துருப்பிடித்து இறுகியிருந்ததைத் திருகி எடுத்து மேசைமேல் வைத்தான். உள்ளே எண்ணெய் தார்க்கட்டியாகி, ஒரு கருங்கல் மாதிரி டக் என்று உட்கார்ந்தது.

பாக் சுதர்மாஜி குனிந்து பார்த்தார். விரலால் தொட்டார். அந்த முகத்தில் பதவி எதுவும் இல்லை. ஆசையாக, குழந்தை கேட்பது மாதிரி கேட்டார்.

"தர்சோ, இது என்னது?"

இருபத்திரண்டு வருடத்தில் அதிகாரி ஒருவர் அவனிடம் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட முதல் கேள்வி அது. பதில் அவன் நாக்கு நுனியில் இருந்தது. இரண்டே வார்த்தை. பக்கத்தில் ஹெந்த்ரோ பேனா மூடியைக் கழற்றி, நோட்டில் தேதி போட்டுவிட்டு, காத்திருந்தார்.

"தெரியலைங்க பாக்" என்றான் தர்சோ. "பட்டியல்ல இல்ல."

தலைவர் மெல்ல நிமிர்ந்தார். பதவி திரும்ப வந்து முகத்தில் உட்கார்ந்தது. "அந்நியப் பொருள்" என்றார். "யாரோ உள்ள வெச்சிருக்கான். இதுதான் என் இன்ஜினைக் கொன்னிருக்குது."

"இருக்கும் பாக்."

"வேற வண்டியிலயும் வெச்சிருப்பானோ?"

இங்கே தர்சோ வாயை மூடியிருக்கலாம். ஆனால் வயிற்றில் சுருண்டிருந்த அந்தச் சந்தோஷம் இப்போது தலையைத் தூக்கிவிட்டது.

"எல்லா வண்டியிலயும் இருக்குங்க பாக். ஒன்னு விடாம."

அவன் எதிர்பார்த்தது ஒரு சிரிப்பை, அல்லது ஒரு திட்டை. வந்தது உத்தரவு. மாவட்ட அரசின் முப்பத்தொரு வாகனங்களிலிருந்தும் அந்நியப் பொருளை உடனே அகற்ற வேண்டும். அதன் இருப்பிடம் அறிந்த ஒரே சான்றிதழ் பெற்ற மெக்கானிக் என்ற முறையில், பொறுப்பு: தர்சோ. மறுத்தால் சான்றிதழ் ரத்து.

மறுநாள் காலை பட்டறை வாசலிலிருந்து ஏலக்கூடம் வரை வண்டிகள் வரிசையில் நின்றன. முதலில் நின்றது ஆம்புலன்ஸ். தர்சோ அதற்கு அடியில் போய்ப் பத்து நிமிஷம் சும்மா படுத்திருந்தான். பிறகு கழற்றினான். வெளியே வந்து டிரைவரிடம் சொன்னான்.

"ஸ்டார்ட் பண்ணிடாதீங்க."

"ஏன் பாக்?"

"பண்ணினா எண்ணெய் மொத்தமும் ரோட்டுல கொட்டும். இன்ஜின் போயிடும்."

"அப்போ எப்படிப் போறது?"

தர்சோ யோசித்தான். "தள்ளிட்டுப் போங்க."

முப்பத்தொரு டிரைவர்களுக்கும் அதையே சொன்னான். யாரும் ஏன் என்று இரண்டாம் தடவை கேட்கவில்லை. தங்க முத்திரை குத்திய சான்றிதழுக்குக் கீழே நின்று ஒருவன் சொல்லும்போது எப்படிக் கேட்பது.

அன்றிலிருந்து மாவட்டத்தில் அரசு வாகனங்கள் தள்ளித்தான் செல்லப்படுகின்றன. வண்டிக்கு ஐந்து ஊழியர்கள். ஆம்புலன்ஸுக்கு மட்டும் எட்டுப் பேர், அவசரம் என்பதால். மாதக் கடைசியில் டீசல், பெட்ரோல் செலவு பூஜ்யம் என்று அறிக்கை போனது. தலைநகரிலிருந்து பாராட்டுக் கடிதமும் கேடயமும் வந்தன. கூடி உழைக்கும் நம் முன்னோர் மரபு வாகனத் துறையில் முதன்முறையாக மறுமலர்ச்சி பெற்றிருக்கிறது என்று பாக் சுதர்மாஜி ஐம்பது நிமிஷம் பேசினார். வெள்ளிக்கிழமை காலைகளில் அலுவலக மைதானத்தில் நடக்கும் கூட்டு உடற்பயிற்சி ரத்தாகி, அதற்குப் பதில் தள்ளுதல் வந்தது. சான்றிதழ் பெற்ற மெக்கானிக்குகள் தினமும் காலை எட்டு முதல் மாலை நான்கு வரை இந்தச் சேவைக்குக் கட்டாயம் வர வேண்டும் என்ற சுற்றறிக்கையும் பின்னாலேயே வந்தது.

பட்டறையின் ஷட்டருக்கு யாரும் சீல் வைக்கவில்லை. அது தினமும் திறந்தே இருந்தது. உள்ளே ஆள் இல்லை. ருமினி வாசலில் ஒரு மேசை போட்டு வறுத்த மீன் விற்க ஆரம்பித்திருந்தாள்.

தர்சோவுக்கு ஒதுக்கப்பட்டது தலைவரின் கார். மைத்துனனின் ஷூவில், சூடேறிய தார்ச்சாலையில், இரண்டு குமாஸ்தாக்களுக்கு நடுவில் அவன் தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டு போனான். மேட்டில் ஏறும்போது கண்ணாடி இறங்கியது. பாக் சுதர்மாஜி தலையை வெளியே நீட்டினார்.

"தர்சோ, கவனிச்சியா? அந்தச் சனியனை எடுத்ததுலேருந்து வண்டி எவ்வளவு அமைதியாப் போகுது. தட்டற சத்தமே இல்ல."

"ஆமாம் பாக்" என்றான் தர்சோ, மூச்சு வாங்க.

"இதைத்தான் நான் அன்னைக்கே சொன்னேன். உன் கை எனக்குத் தெரியும்னு."

கண்ணாடி ஏறியது. தர்சோ அந்தக் கையை வண்டியின் பின்பக்கத்தில் சரியாகப் பதித்து, தலையைக் குனிந்துகொண்டு, இன்னும் கொஞ்சம் பலமாகத் தள்ளினான்.